ஆறாத புண்ணும் நெஞ்சு நோயும்

தோலின் மேல் தோன்றும் புண்ணை ஒரு நோயாகவும், நெஞ்சினுள் தோன்றும் இருமலை வேறொரு நோயாகவும் கருதுவது நம் மக்களின் நெடுநாளைய வழக்கம். புண்ணுக்குக் களிம்பு, இருமலுக்குக் கஷாயம் என்று இரண்டுக்கும் தனித்தனியே மருந்து தேடுகிறோம். பெரும்பாலும் இதில் பிழையில்லை. ஆயின், புண்ணும் இருமலும் ஒரே கிருமியின் இரு செயல்களாக அமைந்துவிடுகிற நோய்களும் உண்டு. அவற்றைக் காலத்தில் அறியாது விட்டால், தோலில் கண்ட சிறு கேடு குடும்பத்தின் பிழைப்பையே பறித்துக்கொள்ளும். அறிந்து முறைப்படி மருந்துண்டால் முற்றிலும் குணமாகும். பிள்ளையார்பாளையத்தில் தறியை நம்பி வாழும் அன்பர்களும், காஞ்சியைச் சுற்றியுள்ள ஏரிப் பாசனக் கிராமங்களில் நிலத்தை நம்பி வாழும் அன்பர்களும் ஒருங்கே அறியவேண்டிய செய்தி இது. ஆதலின் இதனைச் சற்று விரிவாக இங்கே விளக்க முற்படுகிறோம்.

அஞ்ச வேண்டாதவை

முதற்கண் வீண் அச்சத்தை விலக்கிவிடுவோம். சொறி, சிரங்கு, படை, தேமல், சேற்றுப்புண் ஆகியவை தொல்லை தருவனவே யன்றி நுரையீரலைத் தாக்குவன அல்ல. சாயத் தொழில் செய்வோர் கைகளில் காணும் வெடிப்பும் அத்தகையதே. சாதாரணக் கொப்புளமும் வெட்டுக்காயமும், சுத்தமாக வைத்துக்கொண்டால், இரண்டு மூன்று வாரங்களில் ஆறிவிடும். ஆறவேண்டிய காலம் கடந்தும் ஆறாமல் நிற்கும் புண்ணே நமது கவனத்துக்கு உரியது. ஒரு மாதம் கடந்தும் ஆறாத புண், ஆறியது போல மூடிக்கொண்டு மீண்டும் சீழ் வடியும் புண், கழுத்திலோ அக்குளிலோ கட்டியாகத் தொடங்கி உடைந்த புண், சிவந்த தடிப்பாகத் தொடங்கி மாதக்கணக்கில் மெல்லப் படர்ந்துகொண்டே போகும் தழும்பு ஆகியவற்றைச் சாதாரணப் புண்ணென்று எண்ணலாகாது. அவற்றோடு மாலைக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை, இருமல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சேர்ந்துவிட்டால், ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இவ்வகையில் நம் பகுதியினர் அறிந்திருக்கவேண்டிய கிருமிகள் இரண்டு. ஒன்று மனிதரிடமிருந்து மனிதருக்கு மூச்சின் வழியே பரவுவது. மற்றொன்று ஈரமண்ணில் வாழ்வது. முன்னையது தறிவீட்டுக்கும் பின்னையது வயல்வெளிக்கும் சிறப்பாக உரியது எனலாம்.

கண்டமாலை என்னும் காசநோய்

கழுத்தில் மாலை கோத்தாற்போல் கட்டிகள் எழும்பி, நாளடைவில் மெலிந்து உடைந்து சீழ் வடியும் நோயை நம் முன்னோர் கண்டமாலை என்றனர். அது தோலிலே பிறந்த புண் அன்று. தோலுக்கு அடியிலுள்ள நிணநீர்க் கட்டியில் காசநோய்க் கிருமி குடிபுகுந்து, கட்டியை அரித்து, பின்னர்த் தோலையும் துளைத்துக்கொண்டு வெளிவருவதே அது. சிலருக்கு விலா எலும்பு, மார்பெலும்பு, மூட்டு ஆகியவற்றிலிருந்தும் இவ்வாறு புண் கிளம்புவதுண்டு.

இக்கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். க்ஷயம், எலும்புருக்கி என்று நாம் வழங்கிய நெஞ்சு நோய்க்கும் கண்டமாலைக்கும் ஒரே கிருமிதான் காரணம் என்பது அதன்பின் தெளிவாயிற்று. நுரையீரலில் காசநோய் உடையவர் இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் காற்றில் மிதக்கின்றன. அவற்றை உட்கொள்பவரின் நுரையீரலில் கிருமி முதலில் தங்கி, அங்கிருந்து இரத்தம், நிணநீர் ஆகியவற்றின் வழியே கட்டிகளுக்கும் எலும்புகளுக்கும் தோலுக்கும் செல்கிறது. சிலருக்கு இது நேர்மாறாகத் தோன்றும். முதலில் கண்ணில் படுவது கழுத்துப் புண், பின்னர்த் தெரியவருவது நெஞ்சு நோய். உண்மையில் புண்ணைக் காணுமுன்பே நெஞ்சில் கிருமி இருந்திருக்கலாம். ஆகவேதான், தோலில் காசநோய் கண்டவருக்கு வைத்தியர் நெஞ்சையும் படம் பிடித்துப் பார்க்கிறார்.

தோலை நேரே தாக்கும் காசநோயும் உண்டு. முகத்திலோ பிட்டத்திலோ செம்பழுப்பு நிறத் தடிப்பாகத் தோன்றி, ஒருபுறம் ஆறித் தழும்பாகி, மறுபுறம் ஆண்டுக்கணக்கில் படர்வது ஒருவகை. கையிலோ காலிலோ பாலுண்ணி போலச் சொரசொரப்பாக வளர்வது மற்றொருவகை. வலி அதிகம் இராதென்பதால் பலர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. மருந்துகள் தோன்றாத காலத்தில் முகத்தை உருக்குலைத்த இந்நோய்க்கு, ஒளியைச் செறிவாகப் பாய்ச்சிச் சிகிச்சை செய்து காட்டியமைக்காகவே டென்மார்க் தேசத்து வைத்தியர் நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபெல் பரிசு பெற்றார்.

தறிவீட்டில் கவனிக்கவேண்டியது

நெசவாளர் வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. குழித்தறி இட்ட அறையிலேயே சமையலின் புகை. அங்கேயே குழந்தைகளின் உறக்கம். கோர்வைச் சேலை நெய்கையில், நெய்பவருக்குப் பக்கத்திலேயே கரை நாடா எறியும் துணையாள் ஒருவர் நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறார். நெய்பவருக்கு நுரையீரல் காசநோய் இருந்து, அது அறியப்படாமல் இருப்பின், மூச்சுக் காற்றை முதலில் பகிர்ந்துகொள்பவர் அத்துணையாளே. பாவைத் தெருவில் நீட்டிப் பணி செய்யும் காலைநேரத்தில் இவ்வபாயம் இல்லை. வெயிலும் வீசுகாற்றும் கிருமியை ஒடுக்கிவிடுகின்றன. ஆதலால் தறியறைக்கு ஒரு சாளரமேனும் திறந்திருத்தல் வேண்டும்.

ஒன்றை இங்கே அழுத்திக் கூற விரும்புகிறோம். காசநோய் பட்டின் வழியாகவோ, நூலின் வழியாகவோ, சேலையின் வழியாகவோ பரவுவதில்லை. உண்கலத்தாலும் கைதொட்டுப் பேசுவதாலும் பரவுவதில்லை. கண்டமாலைப் புண் மட்டும் உடையவர், நெஞ்சில் நோய் இல்லையெனில், பிறருக்கு நோயைப் பரப்புவது அரிது. எனவே, நோயுற்றார் நெய்த சேலையை ஒதுக்குவதும், அவர் வீட்டில் பெண் கொள்ளத் தயங்குவதும் அறியாமையே யன்றி வேறில்லை. இவ்வச்சத்தினாலேயே பலர் புண்ணைத் துணியால் மறைத்துக்கொண்டு, மருத்துவமனைக்குச் செல்லாது காலங்கழிக்கின்றனர். மறைத்த நோயே பரவுகிறது. மருந்துண்ணும் நோய் அடங்குகிறது.

சேற்றில் வாழும் கிருமி

இனி, உழவர்கள் சிறப்பாக அறியவேண்டிய இரண்டாவது நோய்க்கு வருவோம். இதற்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். தமிழில் வழக்குப் பெயர் ஏதும் இல்லாமையால் இப்பெயரையே நினைவிற் கொள்ளல் நலம்.

நம் தமிழ் மக்கள் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற ரங்கூன் நகரத்து மருத்துவமனையில், ஆல்பிரட் விட்மோர் என்னும் ஆங்கில வைத்தியரும், சி. எஸ். கிருஷ்ணசுவாமி என்னும் அவருடைய உதவி வைத்தியரும் 1911இல் புதியதொரு நோயைக் கண்டனர். இறந்த ஏழைகளின் நுரையீரலில் காசநோயை ஒத்த கட்டிகளும், தோலுக்கடியிலும் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளும் இருந்தன. ஆனால் சீழைப் பரிசோதித்தபோது காசநோய்க் கிருமி காணப்படவில்லை. முன்பின் அறியாத வேறொரு கிருமி வளர்ந்தது. 1912இல் இருவரும் இதனை ஒரு மருத்துவ இதழில் எழுதி வெளியிட்டனர். இவ்வாறு இந்நோயை முதன்முதல் உலகுக்கு உணர்த்திய இருவருள் ஒருவர் நம் தென்னாட்டுப் பெயருடையவர்.

இக்கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. நெல்வயல் இதற்கு உவப்பான இடம். வெறுங்காலுடன் நாற்று நடுகையில் கால்வெடிப்பு வழியாகவோ, கையில் பட்ட அரிவாள் காயத்தின் வழியாகவோ அது உடம்பினுள் புகுகிறது. புயல்மழைக் காலத்தில் காற்றில் தெறிக்கும் நீர்த்திவலைகளோடு மூச்சின் வழியேயும் புகுவதுண்டு. புகுந்த இடத்தில் ஆறாத புண்ணாக நிற்கலாம். அங்கிருந்து இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடையலாம். இந்நோய் கண்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நுரையீரலே பாதிக்கப்படுகிறது. சிலருக்கு ஒரு வாரத்துக்குள் கடுங்காய்ச்சலாக வந்து உயிரைக் குடிக்கும். சிலருக்கு மாதக்கணக்கில் இருமலும் எடை குறைவுமாக, அச்சாகக் காசநோயைப் போலவே நடிக்கும். சிலருக்குப் பல்லாண்டுகள் உடம்பினுள் உறங்கிக் கிடந்து, உடல் தளர்ந்த காலத்தில் எழும்.

இது எங்கோ தூரதேசத்து நோய் அன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நம் பக்கத்து நோயாளிகளிடம் இதனைக் கண்டு எழுதி வந்திருக்கின்றனர். உலகில் ஆண்டுதோறும் 1,65,000 பேர் இந்நோயுற்று, 89,000 பேர் இறப்பதாக 2016இல் வெளிவந்த ஆராய்ச்சி மதிப்பிட்டது. அவ்வெண்ணிக்கையில் ஏறத்தாழ நூற்றுக்கு 44 பங்கு தெற்காசியாவைச் சார்ந்தது. பெரும்பாலோர் தம் நோயின் பெயரையே அறியாமல் இறக்கின்றனர் என்பதே இதிலுள்ள துயரம்.

நீரிழிவு என்னும் திறந்த கதவு

இரு நோய்களுக்கும் பொதுவான கதவு ஒன்று உண்டு. அதுவே நீரிழிவு, அதாவது சர்க்கரை வியாதி. நீரிழிவுடையோர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏனையோரினும் இரண்டு மூன்று மடங்கும், மெலியாய்டோசிஸ் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கும் அதிகம். தறியில் அமர்ந்தே காலங்கழிக்கும் நெசவாளரிடையேயும், இந்நாளில் உழவரிடையேயும் இவ்வியாதி பெருகிவருவதை அனைவரும் அறிவர். ஆகவே ஆறாத புண் உடையவர் முதலில் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளட்டும். சர்க்கரை உடையவர் புண் ஆறாவிடில் அதற்குச் சர்க்கரையையே முழுக் காரணமாக்கி வாளாவிருத்தல் வேண்டா.

சீழைச் சோதிப்பதே முதற்படி

கண்ணால் பார்த்துப் புண்ணின் பெயரைக் கூறுவது தேர்ந்த வைத்தியருக்கும் இயலாது. புண்ணிலிருந்து எடுத்த சீழ், கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சிய நீர், புண்ணின் விளிம்பில் எடுத்த சிறு துண்டு, இருமிய சளி ஆகியவையே உண்மையைச் சொல்லும். காசநோய்க் கிருமியைப் பழைய முறையில் வளர்த்துக் காணப் பல வாரங்கள் ஆகும். இந்நாளில் சிபிநாட், ட்ரூநாட் என்னும் கருவிகள் இரண்டொரு மணி நேரத்திலேயே கிருமி உண்டா இல்லையா என்பதையும், முதன்மையான மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் காட்டிவிடுகின்றன. அரசு மருத்துவமனைகளில் இச்சோதனைக்குக் கட்டணம் இல்லை.

மெலியாய்டோசிஸ் கிருமி இரண்டொரு நாட்களிலேயே வளர்ந்துவிடும். ஆனால் அதனை எதிர்பார்த்துத் தேடாத ஆய்வுக்கூடத்தில், தற்செயலாகக் கலந்த வேறு கிருமியென்று ஒதுக்கப்படுவதுண்டு. ஆதலால், வயலில் வேலை செய்பவர் என்பதையும், மழைக்காலத்தில் காயம் பட்டது என்பதையும், சர்க்கரை உண்டென்பதையும் நோயாளி தாமே வைத்தியரிடம் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும். காசநோய் என்று கருதி மருந்துண்டும் மாதங்கள் கடந்து சற்றும் தேறாதவர், சீழையும் சளியையும் இரத்தத்தையும் மறுமுறை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புமாறு வேண்டிக்கொள்ளலாம். ஒரு நோயின் மருந்து மற்றதைக் குணப்படுத்தாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டியைத் தாமே பிழிவதும், சூட்டுக்கோலால் சுடுவதும், பச்சிலையும் சாம்பலும் அப்புவதும் கூடா. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் இரண்டு நாள் மாத்திரை, கிருமியைக் கொல்லாது. சோதனையில் அகப்படாமல் அதனை ஒளித்து வைக்க மட்டுமே உதவும்.

காசநோய்ச் சிகிச்சையும் சென்னை தந்த படிப்பினையும்

காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் நல்ல காற்றும் ஓய்வும் உணவுமே சிகிச்சையாக இருந்தன. அதற்கெனத் தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து 1928இல் நிறுவிய சானடோரியத்தை அறியாதார் நம் பகுதியில் இலர். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952இல் ஐசோனியாசிடும் வந்தபின் நிலைமை மாறிற்று. ஆயினும் நோயாளியை வீட்டில் வைத்து மருந்து கொடுக்கலாமா, சானடோரியத்தில்தான் வைக்கவேண்டுமா என்ற கேள்வி எஞ்சி நின்றது. படுக்கைகளோ சில, நோயாளிகளோ பல்லாயிரவர்.

இக்கேள்விக்கு உலகுக்கே விடை தந்தது சென்னை மாநகரம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தின. நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நெருக்கடியான தம் வீட்டிலேயே வைத்தும், மறுபகுதியினருக்குச் சானடோரியத்தில் வைத்தும், ஓராண்டு ஒரே மருந்து கொடுத்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் இருந்தோர் நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர். நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் இருந்தோர் அரைவயிற்று உணவுடன் வேலையும் செய்தனர். அவர்களிலும் நூற்றுக்கு 86 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் மருந்துண்டோரின் குடும்பத்தினருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. நோயை வெல்வது இடமன்று, இடைவிடாத மருந்தே என்பது இதனால் விளங்கிற்று. அந்நிலையமே இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

இன்று காசநோய்க்கு மருந்துண்ணும் காலம் பொதுவாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பூட்டால் என்னும் நான்கு மருந்துகள். பின் நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்று. இவற்றை ஒரே மாத்திரையில் சேர்த்து, உடல் எடைக்கேற்ற எண்ணிக்கையில் நாள்தோறும் உண்ணுமாறு கொடுக்கின்றனர். நெஞ்சு நோய்க்கும் கண்டமாலைக்கும் தோல் நோய்க்கும் மருந்து ஒன்றே. எலும்பு, மூளை ஆகியவற்றைத் தாக்கிய நோய்க்கும், மருந்துக்கு அடங்காத கிருமிக்கும் முறையும் காலமும் வேறுபடும். புண்ணின்மேல் தனியே பூசவேண்டிய மருந்து எதுவும் இல்லை. சுத்தமான துணிக்கட்டே போதும். மருந்து தொடங்கிய பின்னும் சிலருக்குக் கழுத்துக்கட்டி சில வாரம் பெரிதாவதுண்டு. அதனால் மருந்து பலிக்கவில்லையென்று முடிவு செய்துகொள்ளாமல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

நெசவாளர் கண்ணும் விரலும்

மருந்தினால் சில தொல்லைகள் விளையலாம். அவற்றை முன்கூட்டி அறிந்திருப்போர் அஞ்சி மருந்தை நிறுத்தமாட்டார். ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். இது இரத்தம் அன்று, தீங்கும் அன்று. பைரசினமைடால் மூட்டுவலி வரலாம். குழித்தறியில் மிதி மிதிப்போருக்கு இது முதலில் முழங்காலில் தெரியக்கூடும். ஐசோனியாசிடால் சிலருக்குக் கைகால் விரல்களில் மதமதப்பும் எரிச்சலும் உண்டாகும். அறுந்த இழையை விரல்நுனியாலேயே தேடி எடுத்து முடிபவருக்கு இது பெருங்குறை. ஆனால் பைரிடாக்சின் என்னும் வைட்டமின் மாத்திரையால் இதனைத் தடுக்கலாம்.

நெசவாளர் மிகவும் கவனிக்கவேண்டியது எதாம்பூட்டால். இது அரிதாகச் சிலருக்குக் கண்நரம்பைத் தாக்குகிறது. அதன் முதல் அடையாளம் பார்வை மங்குவதும், சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு குழம்புவதும். அரக்கையும் கிளிப்பச்சையையும் நாள்தோறும் அடுத்தடுத்து வைத்து நெய்பவர் இக்குறையை ஏனையோரினும் முன்னதாக உணர்ந்துகொள்வார். அவ்வாறு உணர்ந்த அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும். உடனே மருந்தை மாற்றினால் பார்வை பெரும்பாலும் மீளும். கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, உடம்பெங்கும் தடிப்பு ஆகியவையும் உடனே காட்டவேண்டியவை. எக்காரணத்தாலும் மருந்தைத் தாமே நிறுத்துதலோ, ஒன்றை விட்டு ஒன்றை உண்ணுதலோ ஆகாது.

மெலியாய்டோசிஸுக்குரிய சிகிச்சை

சேற்றுக்கிருமி பல சாதாரண மருந்துகளுக்கு அசையாதது. பென்சிலினும் ஜெண்டாமைசினும் அதனைத் தொடுவதில்லை. 1989இல் தாய்லாந்து தேசத்தில் நடந்த ஆராய்ச்சியில், பழைய மருந்துகளால் நூற்றுக்கு 74 பேர் இறந்த கடும் நோய்நிலையில், செஃப்டாசிடைம் என்னும் ஊசி மருந்தால் அது 37 ஆகக் குறைந்தது. இன்றும் செஃப்டாசிடைமோ மெரோபெனமோதான் முதல் மருந்து. மருத்துவமனையில் தங்கி, இரத்தக்குழாய் வழியாகக் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள் இம்மருந்தைப் பெறவேண்டும். உள்ளுறுப்புகளில் சீழ் தங்கியிருந்தால் இன்னும் நீளும். பெரிய சீழ்க்கட்டிகளை அறுத்து வடிக்கவும் நேரும். வீடு திரும்பிய பிறகு கோ-டிரைமாக்சசோல் மாத்திரையை மூன்று மாதத்துக்குக் குறையாமல், சிலர் ஆறு மாதம் வரையில், உண்ணவேண்டும். இரண்டாம் பகுதியை விட்டவர்களுக்கே நோய் பெரும்பாலும் திரும்ப வருகிறது.

பாதியில் நிறுத்துவதன் கேடு

இரு நோய்களின் சிகிச்சையும் இரண்டு பகுதிகளாக அமைந்திருப்பதை அன்பர்கள் கவனித்திருப்பர். முதற்பகுதி, பெருகும் கிருமிக் கூட்டத்தை விரைந்து அழிப்பது; இரண்டாம் பகுதி, மூலைமுடுக்குகளில் உறங்கிக்கிடக்கும் எஞ்சிய கிருமிகளைத் தேடித் தீர்ப்பது. முதற்பகுதி முடியும்போதே காய்ச்சல் நீங்கும், புண் உலரும், பசி எடுக்கும். நோயாளி தேறிவிட்டதாக எண்ணுவது அப்போதுதான். நெசவுக்கூலியோ நெய்தால்தான் கிடைக்கும். நடவோ நாளைத் தவறவிட்டால் போயிற்று. மருத்துவமனைக்குப் போகும் ஒருநாள் கூலி இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது; உடம்பினுள் எஞ்சிய கிருமி தெரிவதில்லை. ஆகவே மருந்து நிற்கிறது. சில மாதங்கழித்து நோய் மீளும்போது, முந்தைய மருந்துக்குப் பழகிப்போன கிருமிகள் எழுந்துவிட்டிருப்பின், ஆறு மாத வைத்தியம் மேலும் நீண்டு, மருந்துகளும் கடுமையாகும். முக்கால் முழம் குறைவாக நெய்து சேலையைத் தறியிலிருந்து அறுப்பவர் எவரும் இல்லை. மருந்தும் அதுபோல முழுநீளம் நெய்து முடிக்கவேண்டிய ஒன்று.

குடும்பத்தார் செய்யவேண்டியவை

நெஞ்சில் காசநோய் உள்ளவர் வீட்டில் உள்ள அனைவரும், கோர்வைக்குத் துணையிருப்பவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் இல்லாதார்க்கும் அது வாராமல் தடுக்க மாத்திரை உண்டு. வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரம் உண்ணும் முறையும் இப்போது வந்திருக்கிறது. நோயாளி முதல் சில வாரம் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்வதும், தனித்து உறங்குவதும் நலம். சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் நோயைப் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதன்பின் வைத்தியர் சொற்படி தறிக்குத் திரும்பலாம்.

குழந்தை பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போடுதல் வேண்டும். ஆனால் அந்த ஊசி வாழ்நாள் முழுதும் காக்கும் என்று நம்புதல் தகாது. காஞ்சிபுரமும் சேர்ந்திருந்த அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்தில் 1968இல் தொடங்கி நடந்த பெரும் ஆராய்ச்சியில், வயதுவந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பது தெரியவந்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய மூளைக்காய்ச்சல் போன்றவற்றிலிருந்தே அது சிறப்பாகக் காக்கிறது.

உழவர்கள் காயமோ வெடிப்போ உள்ள கால்களுடன் சேற்றில் இறங்குவதைத் தவிர்த்தல் வேண்டும். இயலாதபோது காயத்தை நீர்புகாமல் கட்டி, ரப்பர் காலணியும் கையுறையும் அணிதல் நன்று. கரையேறியதும் நல்ல நீரும் சோப்பும் கொண்டு கழுவவேண்டும். நீரிழிவுடையோர்க்கு இது கட்டாயம்.

சங்கங்களின் கடமை

நோயாளியின் முன்னே நிற்கும் தடை மூன்று: அச்சம், கூலி இழப்பு, மறதி. மூன்றையும் நீக்கும் ஆற்றல் கூட்டுறவுக்கு உண்டு. காசநோய்க்கு மருந்து இலவசம். மேலும், மருந்துண்ணும் காலத்தில் சத்துணவுக்கென மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் சேர்ப்பிக்கிறது. அங்கத்தினரின் பெயர் பதிவாகியிருக்கிறதா, தொகை வந்து சேர்கிறதா என்று பார்த்துத் தருவது சங்க அலுவலகத்துக்கு அரிய வேலையன்று.

மருந்தைப் பிறர் முன்னிலையில் உண்ணும் முறையும் சென்னை ஆராய்ச்சிகளில் வளர்ந்ததே. தெருவுக்கு ஒருவர், நம்பிக்கைக்கு உரியவராக, நோயாளி நாள்தோறும் மாத்திரை உண்பதைப் பார்த்துக் குறிப்பேட்டில் பதிந்துவரலாம். நோயுற்றாரின் பெயரை வெளியிடாமை அவரது முதற் கடமை. பாவும் பட்டும் வாங்க உறுப்பினர் சங்கத்துக்கு வரும் நாளில், இருமலும் ஆறாத புண்ணும் உண்டா என்று ஒருசொல் விசாரிப்பதும், உண்டெனில் காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சீட்டெழுதி அனுப்புவதும் செலவில்லாத தொண்டு. நடவுக்கு முன்னர் உழவர் சங்கங்கள் ரப்பர் காலணிகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, தவணையில் வழங்கலாம். நோயாளி தறியை விட்டு விலகியிருக்கும் முதல் சில வாரங்களில் முன்பணத் தவணையை ஒத்திவைப்பதும் சிந்திக்கத்தக்கது. இரண்டு மாதத்தில் மருந்தை விட்டவர் பின்னர் ஓராண்டு தறியேற இயலாமற் போவதைவிட, இது சங்கத்துக்கும் இலாபமே.

ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண் எதுவாயினும் அதன் சீழைச் சோதிக்கவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் எதுவாயினும் சளியைச் சோதிக்கவேண்டும். தொடங்கிய மருந்தைக் கடைசி நாள்வரை உண்ணவேண்டும். இம்மூன்றையும் அன்பர்கள் தம் வீட்டிலும் தெருவிலும் எடுத்துரைப்பார்களாக.